நெல்லையில் ஒரு ராத்திரி தங்கல்: எந்த வேளையை எதற்குக் கொடுப்பது?

வேலை விஷயமாகத் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் பலர் காலையில் லாட்ஜ் இட்லி, மதியம் போன இடத்தில் கிடைத்த சாப்பாடு, ராத்திரி களைப்பில் செல்போனில் ஆர்டர் போட்ட ஃபிரைடு ரைஸ் என்று முடித்துக்கொள்கிறார்கள். ரயிலேறும் அவசரத்தில் அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு கிளம்பியும் விடுகிறார்கள். நல்ல சாப்பாட்டில் ஆசை இருந்தும் இப்படி ஆவதற்குக் காரணம், இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருப்பது அவர்களுக்குத் தெரியாததுதான். பரோட்டாக் கல் சூடேறுவது பொழுது சாய்ந்த பிறகு. சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு மதியத்துக்கு மட்டும், அதுவும் முதல்நாளே சொல்லிவைத்தால். டவுனில் பேர்பெற்ற அல்வாக் கடை திறப்பதே சாயங்காலம். பதநீர் வெயில் ஏறுவதற்குள். எந்தக் கடை நல்ல கடை என்று தேடுவதற்கு முன்னால், கையில் எந்த வேளை இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும்.

ஒரு ராத்திரி தங்கினால் வந்த அன்று ராச்சாப்பாடு, மறுநாள் காலை, மதியம், வண்டி ஏறுவதற்கு முந்திய சாயங்காலம் என நாலு வேளை கிடைக்கும். அதில் ஒன்றை வேலை எப்படியும் பிடுங்கிக்கொள்ளும். மிச்சத்திலும் ஒன்றுக்குத்தான் மெனக்கெட முடியும். மதியம் கையில் இருந்தால் அந்த ஒன்று சொதிச் சாப்பாடாக இருக்கட்டும். மதியம் இல்லையென்றால் ஊருக்குள்ளேயே ராத்திரிப் பரோட்டா. செங்கோட்டைப் பக்கத்துப் பார்டர் கடைக்குப் பரோட்டா சாப்பிடப் போவது மூன்றாவதுதான், அதற்கும் நிபந்தனை உண்டு.

வேலை எந்தப் பக்கம்?

தாமிரபரணிக்கு மேற்கே டவுனும் ஜங்ஷனும், கிழக்கே வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், பாளையங்கோட்டை. 1843-இல் கட்டி முடித்த சுலோச்சனா முதலியார் பாலம் இரண்டு கரையையும் சேர்க்கிறது. ஜங்ஷனிலிருந்து டவுன் மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அது அரை மணி நேரப் பயணம். தூரத்தை வைத்துத் திட்டம் போட்டால் இங்கே தப்பிவிடும்.

கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, கல்லூரிகள் என்று கொக்கிரகுளம், பாளைப் பக்கம் வேலை என்றால் மதியம் ஒரு மணி நேரம் நிச்சயம் கிடைக்கும். இவர்களுக்குத்தான் சொதி வாய்க்கும். கங்கைகொண்டான் சிப்காட்டுக்கோ தாழையூத்துக்கோ போகிறவர்களுக்கு மதியம் கேன்டீனோடு போய்விடும். நாற்கரச் சாலையில் திரும்பி வந்து சாப்பிட்டுப் போவதெல்லாம் கதைக்காகாது. அவர்கள் ராத்திரியை நம்ப வேண்டும். காற்றாலை வேலையாக வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் போகிறவர்களும் கூடங்குளம் போகிறவர்களும் விடிகாலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பங்குனி முதல் ஆடி வரை என்றால் அவர்களுக்கு வழியில் பதநீர் உண்டு. காலை எட்டு, எட்டரைக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினாலும் வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கும். பத்து மணிக்கு மேல் ரோட்டோரத்தில் பிளாஸ்டிக் குடத்தில் இருப்பதைத் தொட வேண்டாம். ஓலைப் பட்டையில் ஊற்றி, உள்ளே நுங்கு சீவிப் போட்டுத் தந்தால் அதுவே பாதிக் காலைச் சாப்பாடு.

தங்குமிடமும் இதை ஒட்டியே. ரயிலில் வந்து ரயிலில் போகிறவருக்கு ஜங்ஷன் சுகம். ஸ்டேஷன், அல்வாக் கடைகள், காலை டிபன் எல்லாம் நடக்கிற தூரம். காரில் வருகிறவருக்கு வண்ணார்பேட்டை: வண்டி நிறுத்த இடம் உண்டு, ராத்திரி அசைவக் கடைகளும் பக்கத்திலேயே. பாளை அமைதியான இடம், ஆனால் பத்து மணிக்கு மேல் தெரு அடங்கிவிடும். டவுனில் தங்கினால் நெல்லையப்பர் கோயிலும் ரத வீதிகளும் வாசலில் இருக்கும். காரை மட்டும் மறந்துவிட வேண்டும். ஆனித் தேரோட்டச் சமயத்தில் டவுனுக்குள் வண்டியே நுழையாது.

சொதிச் சாப்பாடு

கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு இது. நெல்லைச் சைவ வீடுகளில் சொதி இல்லாமல் அந்த விருந்து முடியாது. சாம்பார், ரசம் என்று வரிசை கிடையாது. கடைசியில் மோர் வரும்வரை சோற்றுக்குச் சொதி, மறுபடியும் சொதி. கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல் அல்லது சிப்ஸ், அப்பளம். இஞ்சிப் பச்சடியைச் சிலர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்குவார்கள். அப்படிச் செய்யக்கூடாது. இத்தனை தேங்காய்ப்பாலைச் செரிக்க வைப்பது அந்த இஞ்சிதான், நாலு கவளத்துக்கு ஒருமுறை அது உள்ளே போக வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் நல்ல சொதியை இலையிலேயே கண்டுபிடித்துவிடலாம். நாலு பேருக்குப் பெரிய தேங்காய் இரண்டு. பாலை மூன்று தரம் பிழிவார்கள். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, சின்ன வெங்காயம், முழுப்பூண்டு எல்லாம் தண்ணியான இரண்டாம், மூன்றாம் பாலில் வேகும். பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்து விடுவார்கள். மிளகாய்ப்பொடிக்கு வேலையே இல்லை. வேகவைத்த பாசிப்பருப்பு நூறு கிராமுக்குள், கெட்டிப்பட மட்டும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். எலுமிச்சைச் சாறும் அப்படித்தான், இறக்கிச் சூடு தணிந்த பிறகே பிழிய வேண்டும். இலையில் விழுந்த சொதி வெளிர் நிறத்தில், ஒரே சேர்க்கையாக, சோற்றின் மேல் மெல்ல இறங்கினால் சரியாகச் செய்திருக்கிறார்கள். மாவு கரைத்த மாதிரி கனமாக நின்றால் தேங்காயைக் குறைத்து வேறெதையோ கலந்து கெட்டியாக்கியிருக்கிறார்கள்.

சொதி தினமும் எல்லாக் கடையிலும் கிடைக்காது, இதுதான் சிக்கல். சில சைவ ஓட்டல்களும் மெஸ்களும் வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, போடுகின்றன. வேலையாக வருகிறவர் கிழமை பார்த்து வர முடியாது. அவருக்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, வந்த அன்று ராத்திரியே தங்கிய இடத்தில் கேட்பது. மேனேஜரைவிட வரவேற்பில் இருக்கும் உள்ளூர்ப் பையனுக்கோ ஆட்டோ அண்ணாச்சிக்கோதான் இந்த வாரம் எங்கே சொதி என்பது தெரிந்திருக்கும். கடைக்குப் போன் போட்டு, 'அண்ணாச்சி, நாளைக்கு மதியம் சொதி உண்டுமா? மூணு இலை எடுத்து வைப்பீங்களா?' என்று கேட்டால் போதும். இரண்டாவது வழி, கல்யாணச் சமையல்காரரிடம் சொல்லிச் செய்யச் சொல்வது. இரண்டு பேருக்காக அவர் அடுப்பு மூட்டமாட்டார். எட்டு, பத்துப் பேர் சேர்ந்து வந்திருந்தால், மீட்டிங் நடக்கும் இடத்திலேயே மதியச் சாப்பாடு என்றால், இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி, இஞ்சிப் பச்சடியும் வாழையிலையும் சேர்த்தே பேசி முடித்துவிட வேண்டும். கடைசி நிமிஷத்தில் விட்டுப்போகிறவை இந்த இரண்டும்தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது நம் கையில் இல்லை. வேலையில் பழகிய உள்ளூர்க்காரர், 'வீட்டுக்கு வாங்களேன், சொதி வைக்கச் சொல்லுதேன்' என்று கூப்பிட்டால் மறுபேச்சு வேண்டாம். எந்த ஓட்டலும் அதற்கு ஈடாகாது. போகும்போது பழம் வாங்கிப் போங்கள், அல்வா வேண்டாம். பரிமாறுகிற வயதான அம்மாவை 'ஆச்சி' என்று கூப்பிடலாம். இரண்டாம் தரம் சோறு கேட்காமல் எழுந்தால் மனசு சங்கடப்படுவார்கள், அதனால் முதல் தரம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வது நல்லது.

சொதி சாப்பிட்டால் கண் சொக்கும். மூன்று மணிக்கு முக்கியமான பேச்சுவார்த்தை இருந்தால் ஒரு தரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்சல் வாங்கி ராத்திரி சாப்பிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். தேங்காய்ப்பால் நெல்லை வெயிலில் நாலு மணி நேரம் தாங்காது. லாட்ஜில் சுடவைக்க வசதி இருந்தாலும் சுடவைத்தால் திரிந்துவிடும்.

சொதி இல்லாத மதியம்

சொதி கிடைக்காவிட்டால் மெஸ். 'மீல்ஸ்' என்று பலகை போட்ட எந்த இடத்திலும் சாம்பார், ரசம், கூட்டு கிடைக்கும். அது மதுரையிலும் கிடைக்கும், சென்னையிலும் கிடைக்கும். நெல்லைக் கை தெரிவது வேறு சிலவற்றில். வறுத்து இடித்த மசாலையில் வைக்கிற இடிசாம்பார், தேங்காயைச் சிவக்க வறுத்து அரைத்த தீயல், அவியல், புளிமிளகாய், காய்கறியும் பருப்பும் அரிசியோடு சேர்ந்தே வேகும் கூட்டாஞ்சோறு. உள்ளே நுழைந்ததும் 'இன்னைக்கு என்ன குழம்பு அண்ணாச்சி?' என்று கேளுங்கள். 'சாம்பார்தான்' என்று வந்தால் சாதாரண நாள். 'தீயல்' என்று வந்தால் உட்காருங்கள்.

உளுந்தம்பருப்புச் சோறு எங்கேயாவது போட்டால் அதைத் தனியாகத் தேடிப் போகலாம். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை லேசாக வறுத்து, இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம், வெந்தயம், சீரகம், பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு, துருவிய தேங்காயோடு சேர்த்துப் பொங்குவது. எள்ளுத் துவையல் இதற்கு இணை. பக்கத்து இலையில் கருவாட்டுக் குழம்போடு சாப்பிடுகிறவரைப் பார்த்தால், அசைவக்காரர்கள் அதையும் கேட்டு வாங்கலாம். இது சூடாக இருக்கும்போதுதான் நன்றாக இருக்கும். ஆறினால் இறுகிவிடும், எனவே பன்னிரண்டரைக்கே போய்விடுவது நல்லது. பொதுவாகவே மெஸ்ஸுக்கு ஒன்றரைக்கு மேல் போனால் கூட்டும் பொரியலும் தீர்ந்து, ரசமும் மோருமாகத்தான் சாப்பாடு நடக்கும்.

மீன் சாப்பாடு வேண்டுகிறவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு. தூத்துக்குடிக் கடல் பக்கம் என்பதால் நெல்லைக்கு மீன் தினமும் வருகிறது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப்படகில் வருகிற மீன்தான் புதுசு. விலை ஏறியிருக்கும், ஐஸில் கிடந்ததும் கலந்து வரும். அந்த மாதங்களில் பெரிய மீன் வறுவலைக் கேட்பதைவிடச் சாளையோ நெத்திலியோ இருந்தால் குழம்பாக வாங்குவது மேல்.

ராத்திரி: ஊருக்குள் பரோட்டாவா, பார்டரா?

வருகிறவர்கள் அதிகம் கேட்கிற கேள்வி இது. பார்டர் கடைப் பரோட்டாவின் பேர் அவ்வளவு பரவிவிட்டது. செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது; பிரானூர் அந்தக் காலத்து எல்லை. எல்லை மாறிப் பல காலம் ஆன பிறகும் 'பார்டர்' என்ற பேரும் பரோட்டாவும் நிலைத்துவிட்டன. நாட்டுக்கோழியும் காடையும் அங்கே பேர்பெற்றவை. சின்னச் சின்னப் பரோட்டாவாக மிருதுவாக வரும். அந்தப் பேருக்கு அது தகுதியான சாப்பாடுதான்.

ஆனால் நேரம்? நெல்லையிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாக 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, சாப்பிட முக்கால் மணி. ஆக, ஆறு மணிக்கு வேலை முடித்துக் கிளம்பினால் லாட்ஜ் திரும்பப் பத்தை நெருங்கும். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் காலம். சனி, ஞாயிறு என்றால் இலைக்கே காத்திருக்க வேண்டும், நான்கு மணி நேரம் ஆறாகும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் உள்ளவருக்கு இது கட்டாது. தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கமே வேலை உள்ளவர்கள் கட்டாயம் போக வேண்டும். அவர்கள் நெல்லையில் தங்குவதைவிடத் தென்காசியிலேயே தங்கிவிடலாம். நாலைந்து பேராகக் காரில் வந்து, மறுநாள் மதியம்தான் வேலை தொடங்குகிறது என்றாலும் போகலாம். மற்றவர்கள் ஊருக்குள்ளேயே சாப்பிடுங்கள். தரத்தில் உள்ள வித்தியாசம் மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஈடு கட்டும் அளவு பெரிதில்லை.

ஊருக்குள் பரோட்டா சாப்பிட ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே போங்கள். அந்த நேரத்தில்தான் கல்லில் போடுவதும் இலைக்குப் போவதும் ஒரே வேகத்தில் நடக்கும். கடையைத் தேர்ந்தெடுக்கப் பலகையைப் பார்க்க வேண்டாம், கல்லைப் பாருங்கள். ஈரத்துணி மூடிய உருண்டைகள் வரிசையாக இருக்க வேண்டும். மைதாவைப் பிசைந்து இரண்டு மணி நேரமாவது ஊறவிட்டால்தான் வீச வரும், கிழியாது. மாஸ்டர் வீசி, சுருட்டி, தட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் வெந்ததும் ஐந்தாறை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அந்த அடியில்தான் ஏடு பிரியும். அடிக்காமல் அப்படியே தட்டில் சரித்தால் உள்ளே மாவாகத்தான் இருக்கும். சால்னா அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாளியில் ஆறிப்போய், மேலே எண்ணெய் ஏடு கட்டியிருந்தால் வேறு கடை பார்க்கலாம்.

சாப்பிடும் முறையும் இதில் பாதி. வாழையிலையில் இரண்டு பரோட்டா வாங்கி, கையாலேயே பிய்த்துப்போட்டு, சால்னாவை அதன் தலையில் ஊற்றச் சொல்லி, இரண்டு நிமிஷம் ஊறவிடுங்கள். வெளி ஏடு குழைந்து, உள் ஏட்டில் மொறுமொறுப்பு மிச்சமிருக்கும் அந்த நேரம்தான் பதம். ஊறியதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த இரண்டைக் கேளுங்கள், நாலையும் ஒரேயடியாக வாங்கினால் கடைசி இரண்டு களியாகிவிடும். சால்னாவுக்குக் கணக்குப் பார்க்கமாட்டார்கள், இலை காயக் காய ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழி வறுவலோ ஈரலோ ஒன்று போதும். ஆம்லெட், கலக்கி எல்லாம் சேர்த்தால் பரோட்டாவின் ருசி பின்னுக்குப் போய்விடும். கொத்துப் பரோட்டா நல்ல பண்டம்தான். ஆனால் அது முன்னமே போட்டு ஆறியதைக் கொத்திச் செய்வது. ஒரே ஒரு ராத்திரி மட்டும் இருப்பவர் கல்லில் இருந்து எடுத்ததைச் சாப்பிட வேண்டும்.

சைவக்காரர்கள் பரோட்டாக் கடையில் குருமா கேட்டு நிற்க வேண்டியதில்லை. கல் ஒன்றுதான், கரண்டியும் ஒன்றுதான். சைவ ஓட்டலில் ராத்திரி ஆப்பமும் தேங்காய்ப்பாலும், இல்லையென்றால் இட்லியும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் அவர்களுக்கு நிறைவாக இருக்கும்.

காலை

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். லாட்ஜ் வாடகையோடு சேர்ந்த காலை உணவில் பிரெட்டும் சூடான பெட்டியில் வைத்த பொங்கலும் இருக்கும். அதை விட்டுவிட்டு வெளியே பத்து நிமிஷம் நடந்தால், ஆவி பறக்கிற இட்லி உண்டு. புளிமிளகாய் இருந்தால் கேட்டு வாங்குங்கள். முந்தின ராத்திரி பரோட்டா என்றால் நாலு இட்லியோடு நிறுத்திக்கொள்வது வயிற்றுக்கு நல்லது. கருப்பட்டிக் காப்பி எழுதிப் போட்ட கடைகளில், கருப்பட்டியை உடைத்துக் காய்ச்சுகிறார்களா, சீனியும் பொடியும் கலந்து தருகிறார்களா என்று அடுப்பைப் பார்த்தாலே தெரியும்.

அறைக்கே வரவழைப்பது

மழையோ காய்ச்சலோ வெளியே போக விடாத ராத்திரியும் உண்டு. அப்போது எது பெட்டியில் தாங்கும் என்பதுதான் கேள்வி. பரோட்டா தாங்காது. மூடிய பொட்டலத்தில் ஆவியில் நமத்து, ஆறியதும் தோல் மாதிரி இழுக்கும். மைதா அப்படித்தான். வேறு வழியில்லை என்றால் சால்னாவைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், வந்தவுடன் பிய்த்து ஊற்றிவிடுங்கள். பிரியாணி தாங்கும், மேலப்பாளையம் பக்கத்துக் கடையிலிருந்து என்றால் தயங்காமல் சொல்லலாம். இட்லி, இடியாப்பம் தாங்கும். தோசை தாங்காது. செல்போன் பட்டியலில் மேலே வருகிற கடைகள் ஊர்க்காரர்கள் போகிற கடைகளாக இருப்பதில்லை. வரவேற்பில் கேட்டுவிட்டுப் பட்டியலில் தேடுவது பலன் தரும்.

அல்வா: டவுனா, ஜங்ஷனா?

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை, ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம் தொடங்கியது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் விற்பனை தொடங்கும், சரக்கு தீர்ந்தால் கடை அடைப்பு. வரிசையில் நிற்க வேண்டும். ஜங்ஷன் கடைகள் நாள் முழுக்கத் திறந்திருக்கும், நிற்க வேண்டியதில்லை. அங்கே உள்ள தொந்தரவு, ஒரே பேரை ஓரெழுத்து மாற்றி வைத்த பல கடைகள். பலகையைப் பார்த்து ஏமாறாமல், உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டில் எது என்பதை உங்கள் வண்டி நேரம் தீர்மானிக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸ் என்றால் நாலே முக்காலுக்கே டவுனுக்குப் போய், ஐம்பதோ நூறோ கிராம் சூடாக இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு, கோயிலையும் பார்த்துவிட்டு, ஏழுக்குள் ஜங்ஷன் வந்துவிடலாம். காலை ஆறு மணியை ஒட்டிய வந்தே பாரத் என்றால் முந்தின ராத்திரியே ஜங்ஷனில் வாங்கி வைத்துவிட வேண்டும். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் பாளையைத் தாண்டித்தான் போகவேண்டும், டவுனுக்குத் திரும்பி வர நேரம் இருக்காது.

அல்வாவில் நல்லது எது என்று பார்க்கவும் செய்முறை உதவும். சம்பா கோதுமையை ஊறப்போட்டு ஆட்டி, பாலெடுத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணியை வடித்துவிடுவார்கள். வீட்டுக் கணக்கில் ஒரு பங்கு கோதுமைக்குச் சீனி இரண்டு முதல் மூன்று பங்கு, நெய் ஏறத்தாழ ஒரு பங்கு. சீனியில் ஒரு பகுதியை உருக்கிச் சிவக்கவிடுவதால்தான் அந்தச் செம்பழுப்பு வருகிறது. கை ஓயாமல் கிண்டி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு நெய் கக்கும்போது இறக்குவார்கள். ஆகவே நல்ல அல்வா வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி ஊடுருவும், விரலில் வழுக்கும், பல்லில் ஒட்டாது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் என்றால் பொடி கலந்தது. ஆற்றுத் தண்ணிதான் ருசிக்குக் காரணம் என்று ஊரில் எல்லாரும் நம்புகிறோம். கிண்டுகிறவரின் பொறுமைக்கும் அதில் பாதி பங்கு உண்டு.

சாப்பிடச் சூடானது, கொண்டுபோக ஆறியது. சூடான அல்வாவைக் கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே ஆவி வேர்த்து, இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். ஆறியதை அடைத்து வாங்கினால் வெளியிலேயே ஒரு வாரம் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து கட்டிப்படும். அப்படி ஆகிவிட்டால் பாத்திரத்தோடு வெந்நீரில் ஐந்து நிமிஷம் வைத்தால் இளகிவிடும். வாங்கிய பொட்டலத்தை இன்னொரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, முடிந்தால் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, லேப்டாப் பையில் வைக்காமல் தனியாகக் கொண்டுபோங்கள். ரயில் பெட்டிச் சூட்டில் நெய் கசியும், கான்ட்ராக்ட் காகிதத்தில் பட்ட நெய்க்கறை எதற்கும் போகாது. கடையில் கொசுறாகக் கொஞ்சம் மிக்சர் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அல்வா சாப்பிட்ட வாய்க்கு அந்த ஒரு கை மிக்சரும் வேண்டும்.